தாரணிக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்தது

இரண்டாம் வகுப்பின் முதல் பெற்றோர் கூட்டத்தில்தான் ராதா அதைக் கேள்விப்பட்டாள். பொம்மனஹள்ளி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த சிறிய இங்கிலீஷ் மீடியம் பள்ளி அது. வகுப்பாசிரியை சோனியா மிஸ் மற்ற பெற்றோர்கள் போகும்வரை ராதாவைக் காத்திருக்கச் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. தாரணி போர்டுல இருக்கறதை எழுதறதே இல்ல. பக்கத்துப் பொண்ணோட நோட்ல மூக்கை ஒட்டி வெச்சுக்கிட்டுப் பாத்து எழுதறா. ரீடிங் சுத்தமா வரல. வீட்ல தினமும் கொஞ்ச நேரம் உக்கார வெச்சு சொல்லிக்கொடுங்க. இப்ப விட்டா அப்புறம் புடிக்க முடியாது."

ராதாவுக்கு முகமெல்லாம் சூடானது. திருப்பத்தூரில் படித்தபோது அவள் எந்த வகுப்பிலும் பின்தங்கியதில்லை. கல்யாணமாகி பெங்களூர் வந்த பிறகு ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை. நாள் முழுக்கச் சட்டைக் காலர்களைப் புரட்டிப் பார்த்து, ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படிப்பட்டவளுக்குத் தன் பிள்ளை படிக்கவில்லை என்பதை இன்னொருத்தர் சொல்ல வேண்டியிருந்தது. வழியெல்லாம் அதை நினைத்து மருகிக்கொண்டே வந்தாள்.

அவள் கணவன் சிவசங்கரன் அவளுக்குச் சொந்த அத்தை மகன். அபார்ட்மெண்டுகளில் லிப்ட் பழுது பார்க்கிறவன். வீட்டுக்கு வந்து கேட்டதும் சிரித்தான்.

"ரெண்டாங் கிளாஸுதானே. வெளையாடற வயசு. தானா வரும் விடு."

"நீ இப்டியே சொல்லு மாமா. நாளைக்கு அது பத்தாவதுல வந்து நிக்கும், அப்பவும் வெளையாடற வயசும்பே."

அன்றிலிருந்து மாலைப் பாடம் தொடங்கியது. வேலை விட்டு வந்ததும் ராதா குக்கரை ஏற்றிவிட்டு, டியூப்லைட்டுக்குக் கீழே மடக்கு மேசையைப் போடுவாள். முதலில் அவள் வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பாள். தாரணி திருப்பிச் சொல்வாள். பிறகு தாரணி தனியாகப் படிக்க வேண்டும். கன்னடம் ராதாவுக்கே தெரியாது. அதனால் முந்தின நாளே கீழ்வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ராதா எதிர்பார்த்ததைவிடப் படிப்பு வேகமாக வந்தது. ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை படித்துக் காட்டினால் போதும், தாரணி கடகடவென்று ஒப்பித்துவிடுவாள். குளத்தில் விழுந்த சிவப்புப் பந்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. தவளை பேசும் இடத்தில் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு படிப்பாள். சிவசங்கரன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பான்.

"இந்தப் பொண்ணையா படிப்பு வரலன்னாங்க? அந்த மிஸ்ஸுக்குத்தான் கண்ணு தெரியல."

ராதா அடுத்த வாரமே பள்ளிக்குப் போய் நின்றாள். "வீட்ல நல்லா படிக்கறாளே மிஸ். நீங்க அதட்டறீங்களோ என்னமோ, அதான் பயந்துக்கறா" என்றாள். சோனியா மிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் கையே ஓங்கறதில்லைங்க. இன்னொரு வாட்டி பாக்கறேன்" என்றார். ராதா ஜெயித்துவிட்ட நடையோடு திரும்பி வந்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள், மாம்பழச் சாறு சிந்திப் புத்தகத்தின் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டன. அதை யாரும் கவனிக்கவில்லை. தாரணி படித்துக்கொண்டே வந்து பக்கத்தைப் புரட்டினாள். இரண்டு தாளும் சேர்ந்து புரண்டன. அவள் நிறுத்தவே இல்லை. ஒட்டிக்கொண்டு உள்ளே மறைந்திருந்த பக்கத்தை, ஒரு வார்த்தை பிசகாமல், தவளைக் குரலோடு படித்துக்கொண்டிருந்தாள்.

ராதா விரலை வைத்தாள். "இது என்ன வார்த்தை?"

தாரணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"இது? சரி, இது என்ன எழுத்து? எழுத்தாவது சொல்லு."

"பி..."

அது எஸ். ராதாவின் கை தானாக எழுந்தது. கன்னத்தில் விழுந்த அடியில் குழந்தை மேசையோடு சாய்ந்தாள். "இத்தினி நாளா ஏமாத்தினியாடி என்னை? மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சியா? யாரு சொல்லிக்குடுத்தது இந்தப் பொய்யை?"

தாரணி தேம்பித் தேம்பி அழுதாள். அழுகைக்கு நடுவே சொன்னாள்: "நேரா பாத்தா எழுத்து ஓடிப்போயிடுதும்மா. சுவரைப் பாத்தா கொஞ்சூண்டு வருது. அப்புறம் அதுவும் போயிடுது."

ராதாவுக்கு முதலில் அது இன்னொரு பொய்யாகத்தான் பட்டது. ஆனாலும் அடுப்படியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்து குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்து, "இது என்ன?" என்று கேட்டாள். தாரணி முகத்தை மெல்லப் பக்கவாட்டில் திருப்பி, கடைக்கண்ணால் தேடினாள். "கரண்டி" என்றாள். கொஞ்ச நாளாகவே அவள் அப்படித்தான் எல்லோரையும் பார்க்கிறாள் என்பதும், அதைச் செல்லம் என்று நினைத்துத் தான் ரசித்துக்கொண்டிருந்ததும் ராதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்ற நினைப்போடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். விழித்திரை நடுவிலிருந்து கெட்டுக்கொண்டு வருகிறது, கண்ணாடியால் பயனில்லை, பார்வை மெல்ல மெல்லப் போய்விடும் என்றார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள மூவரிடமும் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் சிவசங்கரன் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். ராதாதான் அவனை எழுப்பினாள். "கண்ணு இல்லாதவங்க கலெக்டர் ஆவலையா? பேங்குல வேலை பாக்கலையா? எந்திரி மாமா. நாம அழுதா அவளும் அழுவா."

அந்த வாரமே ராதா வேலையை விட்டுவிட்டாள். பார்வையற்ற பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து பாடம் நடத்தும் ஓர் அமைப்பைத் தேடிப் பிடித்தாள். அங்கிருந்து வந்தவர்தான் பெட்டி என்ற டீச்சரம்மா. ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். பழைய கண்டோன்மெண்ட் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வருவார். முதல் நாளே முட்டை அட்டையில் ஆறு குழிகளை வெட்டியெடுத்துக் கோலிக்குண்டுகளோடு தாரணியின் மடியில் வைத்தார்.

"இதான் கண்ணு உன் வீடு. ஆறு ரூம். மேல மொதல் ரூம்ல ஒருத்தன் மட்டும் இருந்தா அவன் பேரு ஏ. கீழ் ரூம்ல ஒரு ஃப்ரெண்டு வந்து சேந்தா பி. புரிஞ்சுதா, மை டியர்?"

தாரணிக்குப் புரிந்தது. அந்த விளையாட்டு அவளுக்குப் பிடித்தும்போனது. சனிக்கிழமை பெட்டி சொல்லிக்கொடுப்பதை மற்ற நாட்களில் ராதா படிக்க வைத்தாள். ராதாவே கண்ணை மூடிக்கொண்டு, பார்வையற்றவர்கள் விரலால் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளைத் தடவிப் பழகினாள். பள்ளியில் சோனியா மிஸ் தாரணியைத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, பாடங்களை வாயால் சொல்லிக் கேட்க வைத்தார். மழைக்காலம் முடிவதற்குள் குழந்தை தடித்த தாளில் தன் பெயரை விரலால் படித்தாள். படித்துவிட்டு, "இது நானு" என்றாள். சிவசங்கரன் தெருமுனை வரை ஓடிப்போய் ஜிலேபி வாங்கி வந்தான்.

ராதாவின் வாழ்க்கையில் அது நல்ல காலம். அப்போது அவளுக்கு அது தெரியாது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னவர் வேறு டாக்டர், குழந்தைகளின் நரம்பு டாக்டர். கன்னடக்காரர். அவர்களுக்காகத் தமிழில் பேச முயன்றார்.

"கண்ணு மட்டும் இல்லம்மா. அது ஸ்டார்ட்டிங். மூளையிலயும் அதே தொந்தரவு இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம், பேச்சு, நடை எல்லாம் குறையும். ஃபிட்ஸ் வரும். நிறுத்த மருந்து இல்ல. கஷ்டம் கம்மி பண்ண மருந்து இருக்கு, அது நான் குடுக்கறேன்."

"இப்ப நல்லா படிக்கறாளே சார்" என்றாள் ராதா. "பிரெய்ல் படிக்கறா. பேரெல்லாம் படிக்கறா."

டாக்டர் தலையாட்டினார். "படிக்கட்டும். ஆனா கத்துக்கிட்டது நிக்காதும்மா."

நெருங்கிய சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். சிவசங்கரன் ஆமாம் என்றான். இருவரிடமும் அது ஒளிந்திருந்தது, இருவரிடமிருந்தும் சேர்ந்து பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று விளக்கினார். திரும்பும்போது ஆட்டோவில் தாரணி நடுவில் உட்கார்ந்திருந்தாள். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் ஆட்டோ நின்றபோது, "ஏன் யாருமே பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள்.

அதன் பிறகு பாடம் நடக்கும் நேரத்தில் சிவசங்கரன் வீட்டில் இருக்கமாட்டான். மொட்டைமாடிக்குப் போய்விடுவான். ஒரு நாள் ராதா தாரணியை வைத்துக்கொண்டு ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பத் தடவச் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழே இறங்கி வந்து மேசையை மடக்கினான்.

"போதும் ராதா. வெளையாடட்டும் வுடு. எப்டியும் மறக்கத்தானே போவுது."

"நிறுத்திட்டா மட்டும் மறக்காதா?"

"ஓட்டைக் கொடத்துல எவ்ளோதான் ஊத்துவே?"

"ஓட்டையை வுட வேகமா ஊத்துவேன்." அவள் மேசையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "ஒனக்கு கஷ்டமா இருந்தா மாடிக்குப் போ மாமா. நான் எங்க போறது?"

அவள் சொன்னபடியே செய்தாள். காலையில் ஒரு பாடம், பள்ளி விட்டு வந்ததும் ஒரு பாடம், சாப்பாட்டுக்குப் பின் இன்னொன்று. வாய்ப்பாடு, கிழமைகள், கன்னட எழுத்துகள், பிரெய்ல், எல்லாமே நடந்தது. புதிதாகவும் எதையாவது அவசரமாகச் சேர்த்தாள். ஆனால் முன்பு தெரிந்தவைதான் முதலில் போயின. வியாழனுக்குப் பின் வெள்ளி வராமல் திங்கள் வந்தது. ஆறு குழிகளில் மூன்று குண்டுக்கு மேல் இருந்தால் தாரணிக்குக் குழம்பியது. பேச்சும் திக்கத் தொடங்கியது. ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டால் அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். "பஸ் வந்துச்சாம்மா? பஸ் வந்துச்சாம்மா?" பதில் சொன்னாலும் நிற்காது.

மூன்றாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை பெட்டி பையைத் திறந்ததும், அந்த ஜிப் சத்தம் கேட்டு தாரணி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. பெட்டி பையை மூடிவிட்டு ராதாவைச் சமையலறைக்கு அழைத்துப்போனார்.

"ராதா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. பிரெய்ல் போதும். அவளுக்கு முடியலேன்னு அவளுக்கே தெரியுது. அதான் பயம்."

"அப்ப என்னா ஆன்ட்டி பண்றது? சும்மா உக்காந்து பாத்துட்டு இருக்கறதா?"

"இல்லே மா. வேற சொல்லிக்குடு. பேச்சு போனா அவ எப்படிக் கேப்பா? தண்ணி வேணும்னு, வலிக்குதுன்னு, வேணாம்னு? இப்ப புத்தி இருக்கும்போதே கையால சொல்லப் பழக்கிடணும். நான் ரெண்டு மூணு பிள்ளைங்களுக்குப் பண்ணியிருக்கேன்."

ராதா வெடித்தாள். "எம் பொண்ணு இன்னும் பேசிட்டுதான் இருக்கா. கேளுங்க, அங்க பேசறா. இப்பவே ஊமைப் பாஷை சொல்லிக்குடுக்கச் சொல்றீங்களா? நீங்க இனிமே வர வேணாம் ஆன்ட்டி."

பெட்டி பையை எடுத்துக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "பை, மை டியர்" என்று சொல்லிவிட்டுப் போனார். முட்டை அட்டையை எடுத்துப்போகவில்லை.

பள்ளியில் முதல் வலிப்பு வந்தபோது தாரணி, மூன்றாம் வகுப்புக்கும் பாடமெடுக்க வந்த சோனியா மிஸ்ஸின் காலடியில்தான் விழுந்தாள். மிஸ் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். சேலையெல்லாம் நனைந்திருந்தது. ராதா ஓடிவந்து பார்த்தபோது, தானே ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல எழுந்து நின்றார். இரண்டாவது முறை வந்ததும் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள், எங்களுக்கு இதைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ராதா சண்டை போடத்தான் போயிருந்தாள். அவர் சொன்னது உண்மையாக இருந்ததால் தாரணியின் பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

தாரணிக்கு அது புரியவில்லை. தினமும் காலையில் யூனிபார்ம் கேட்டாள். ராதா போட்டுவிட்டாள், டை வரைக்கும். போட்டுக்கொண்டு ஹாலில் பாயில் உட்கார்ந்து, "மிஸ் வந்தாச்சா?" என்று கேட்பாள். "வந்தாச்சு. குட் மார்னிங் சொல்லு" என்பாள் ராதா.

அப்படி ஒரு காலையில் தாரணி திடீரென்று அழத் தொடங்கினாள். என்ன என்று கேட்டால் வார்த்தை வரவில்லை. "அது... அது... அது..." என்று மட்டும் சொல்லிக்கொண்டே கைகளை ஆட்டினாள். பசியா, ஒண்ணுக்கு வருதா, எங்காவது வலிக்கிறதா, எதுவும் தெரியவில்லை. ராதா எல்லாம் கொடுத்துப் பார்த்தாள். மதியம்வரை அழுது தூங்கிப்போனாள் குழந்தை. கடைசியில் யூனிபார்மை மாற்றும்போதுதான் தெரிந்தது: இடுப்பு ஹூக் நிமிர்ந்து சதையில் குத்திக்கொண்டிருந்தது.

ராதா பெட்டிக்குப் போன் செய்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஆன்ட்டி, நான் ராதா" என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள்.

"சனிக்கிழமை வர்றேன்" என்றார் பெட்டி.

பாடம் மாறியது. ஆமாம் என்றால் அம்மாவின் கையை ஒருமுறை அழுத்த வேண்டும். இல்லை என்றால் இரண்டு முறை. அவ்வளவுதான் பாடம். பெட்டி அதையும் விளையாட்டாக்கினார். தண்ணீர் டம்ளரைக் கையில் தொட வைத்து, "இது சோறா?" என்பார். இரண்டு அழுத்தல். "தண்ணியா?" ஒன்று. சரியாகச் சொன்னால் உள்ளங்கையில் விரலால் நட்சத்திரம் போட்டுவிடுவார். அந்தக் கூச்சத்துக்குத் தாரணி சிரிப்பாள்.

சிவசங்கரன் மாடிக்குப் போவதை நிறுத்தினான். வேலையிலிருந்து வந்ததும் கிரீஸ் வாசனையோடு பாயில் உட்கார்ந்து கையை நீட்டுவான். "அப்பா நல்லவனா?" ஒன்று. "அம்மா நல்லவளா?" ஒன்று. "அப்பா கொரங்கா?" கொஞ்சம் யோசித்து, ஒன்று. மூவரும் சிரித்தார்கள். "பாத்தியா, என்னா புத்தி!" என்றான் அவன் ராதாவிடம். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பிறகு உடம்பைச் சொல்லிக்கொடுத்தார்கள். தலை, காது, வாய், வயிறு, கால். ஒவ்வொன்றாகத் தொட்டு, "இங்க வலிக்குதா?" என்று கேட்க வேண்டும். வலிக்காதபோது வலிக்கவில்லை என்று சொல்லப் பழக்குவதுதான் கடினமாக இருந்தது. எல்லாக் கேள்விக்கும் ஆமாம் சொன்னால் நட்சத்திரம் கிடைக்கும் என்று தாரணி நினைத்துக்கொண்டாள். அதைத் திருத்தவே பல வாரங்கள் ஆயின. இதற்கிடையில் பார்வை முழுவதும் போயிருந்தது. நடக்கும்போது யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வார்த்தைகள் வரும் நாட்களும் வராத நாட்களுமாக இருந்து, பிறகு வராத நாட்களே மிகுந்தன.

அந்தப் பாடம் ஒருமுறை உதவியது. காய்ச்சலில் தாரணி அனத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், ராதா ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்டாள். தலையா? இரண்டு. வயிறா? இரண்டு. காதா? ஒன்று, அதுவும் பலமாக. டாக்டர் காதுக்குள் பார்த்துவிட்டு, சீழ் பிடித்திருக்கிறது, நல்ல வேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். "அவதான் சார் சொன்னா" என்றாள் ராதா. அன்று முழுக்க அதையே எல்லோரிடமும் சொன்னாள். மருந்துக் கடைக்காரரிடமும், கீழ்வீட்டு அம்மாவிடமும், போனில் பெட்டியிடமும்.

அதற்குப் பிறகு வந்த கோடையில் வலிப்பு அடிக்கடி வந்தது. மருந்தை மாற்றினார்கள், கூட்டினார்கள். தாரணி நாளின் பெரும்பகுதி தூங்கினாள். விழித்திருக்கும்போது ராதா பாடத்தை விடவில்லை. டம்ளரைத் தொட வைத்துக் கேட்பாள், ஈரத்துணியைத் தொட வைத்துக் கேட்பாள். பதில் வரத் தாமதமானது. ராதா காத்திருக்கப் பழகிக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கினாலும் எழமாட்டாள், அந்தச் சின்ன விரல்கள் அசைகிறவரை.

ஒரு சாயங்காலம் தாரணி முனகிக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. ராதா பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கொடுத்தாள்.

"வலிக்குதா கண்ணு?"

ஒரு அழுத்தல்.

"தலையா?"

ஒன்று.

"வயிறா?"

ஒன்று.

"காலா?" ஒன்று. "காதா?" ஒன்று.

ராதா நிறுத்திவிட்டு, "எங்கயுமே வலிக்கலையா?" என்று கேட்டாள்.

ஒன்று.

வெளியே பைக் வந்து நின்றது. சிவசங்கரன் ஷூவைக் கழற்றாமலே உள்ளே வந்தான். "என்னாச்சு?"

"எல்லாத்துக்கும் ஆமான்றா மாமா. எதைக் கேட்டாலும் ஆமான்றா."

அவன் மறுபக்கம் உட்கார்ந்து, தாரணியின் இன்னொரு கையில் தன் விரலை வைத்தான். எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை அவன் விரலை அழுத்தியது. மறுபடி அழுத்தியது.

"கேள்வி இல்லாமயே அழுத்தறா ராதா" என்றான். "சும்மா புடிச்சுக்கறா."

பெட்டியைக் கூப்பிட்டால் வேறு ஏதாவது சொல்வாரா என்று ராதா யோசித்தாள். சொல்ல எதுவும் இருக்காது என்றும் தோன்றியது. முனகல் நிற்கவில்லை. வலி மருந்தை டாக்டர் சொன்ன அளவில் ஊற்றி, தாரணியின் தலையைத் தூக்கிப் பிடித்து, உதட்டோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். சரியான மருந்துதானா என்று தெரியாது. பாதி வெளியே வழிந்தது. சிவசங்கரன் துடைத்துவிட்டான்.

மறுநாள் காலை ராதா தாரணிக்கு முகம் கழுவி, தலை பின்னி, பாயில் சாய்த்து உட்கார வைத்தாள். பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாகக் கேள்வி கேட்கத் தொடங்கும் நேரம் அது. என்ன கேட்பது என்று தெரியாமல் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.